முதலில் வந்தவள்

ஜெயனும் பிஜியும் இளைய மகளைக் கூட்டிக்கொண்டு ஓ.பி. வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது டாக்டர் ஜானவி முதலில் அதை நம்பவில்லை. அவர்களுடைய மூத்த மகள் ஜெபிஷா இதே மருத்துவமனையில், ஜானவியின் கைக்குக் கீழே, ஆபரேஷன் மேஜையில் இறந்து மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. திருவனந்தபுரத்தில் முதுகெலும்பு பார்க்க வேறு டாக்டர்களா இல்லை? பிள்ளையைப் பறிகொடுத்த இடத்துக்கே இன்னொரு பிள்ளையையும் யாராவது கொண்டுவருவார்களா?

கொண்டுவந்திருந்தார்கள். ஜெயனுக்கு ஆரியசாலையில் கயிறும் தார்ப்பாயும் மொத்த வியாபாரம். கடைக்கு மேலேயே வீடு. சொந்த ஊர் மார்த்தாண்டத்துப் பக்கம். ஆள் நன்றாக இளைத்துப் போயிருந்தார். பிஜி மாறவில்லை. உள்ளே வந்ததும் ஜானவியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"டாக்டருக்கு குனிஞ்சு காட்டு மக்ளே," என்றாள்.

பன்னிரண்டு வயது அக்சா பழகினவள்போலக் கைகளைத் தொங்கவிட்டுக் குனிந்தாள். வலது தோள்பட்டைக்குக் கீழே விலாப்பக்கம் ஒரு மேடு எழுந்தது. ஜெபிஷாவுக்கும் அதே பக்கம்தான். ஜானவி அந்த மேட்டில் கைவைத்தாள். வைத்த கையைச் சட்டென்று எடுக்க வரவில்லை.

"வேற எங்கேயும் காட்டலையா பிஜி?"

"ரெண்டு எடத்துல காட்டினோம். குடும்பத்துல வேற யாருக்காவது இது உண்டான்னு கேப்பாங்க. ஒடனே மூத்தவளுக்க கதைய மொதல்லேருந்து சொல்லணும். பாதிக்குமேல எனக்கு சொல்ல முடியாது. இங்கன்னா சொல்ல வேண்டாமே டாக்டரே."

ஜானவி கையை எடுத்து அக்சாவை நிமிரச் சொன்னாள். பிஜியே தொடர்ந்தாள். "உங்க யாருமேலயும் எனக்கு கோவமோ தேஷ்யமோ இல்ல, கேட்டீங்களா. அவளுக்க உடம்பு தாங்கல்ல. எங்க கொண்டு போயிருந்தாலும், எந்த டாக்டரு தொட்டிருந்தாலும் அவ பிழைச்சிருக்க மாட்டா. கர்த்தரு அவளுக்கு அளந்தது அவ்வளவு. நான் அத ஏத்துகிட்டேன்."

ஜெயன் மனைவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபிஷாவுக்கு அப்போது வயது பதின்மூன்று. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது என்பதைத் தவிர அவள் உடம்பில் ஒரு குறையும் கிடையாது. வளைவை நிமிர்த்திக் கம்பி வைக்கிற அந்த ஆபரேஷனை ஜானவி எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்திருந்தாள். அன்று முதுகைத் திறந்து முதல் ஸ்க்ரூவை இறக்குவதற்கு முன்னாலேயே, தலைமாட்டில் நின்றிருந்த மயக்க மருந்து டாக்டர் சரோஜம், "ஜானவி, நிறுத்து," என்றாள். பிள்ளையின் உடம்பு கட்டைபோல விறைத்துக்கொண்டு வந்தது. சூடு ஏறிக்கொண்டே போயிற்று. மயக்கத்துக்குத் தருகிற ஒருவகை வாயுவும், தசையைத் தளர்த்தத் தருகிற ஒரு மருந்தும் பல்லாயிரம் பேரில் யாரோ ஒருவருக்கு மட்டும் இப்படி விஷமாகும். அது யார் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவசரமாகக் காயத்தை மூடினார்கள். பிள்ளையைப் புரட்டிப் போட்டுச் சுற்றிலும் ஐஸ் அடுக்கினார்கள். இதற்கு முறிவு மருந்து ஒன்று உண்டு. எப்போதோ ஒருமுறை தேவைப்படுகிற அந்த மருந்து அன்று மருத்துவமனையில் இருப்பில் இல்லை. வெளியிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தலைமை டாக்டர் அனந்தபத்மநாபன் பெற்றோரை உட்காரவைத்து ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். முறிவு மருந்து இல்லாமல் போனதையும் சொன்னார். ஜெயன் கேட்டுக்கொண்டார். பிஜியின் காதில் ஏறியது 'உடம்பு ஏற்கவில்லை' என்ற இரண்டு சொல் மட்டும்தான். அவள் அன்று அழக்கூட இல்லை.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் புதன்கிழமைக் கூட்டம் வந்தது. அதுவரை எந்தப் பிள்ளைக்கு என்ன ஆபரேஷன், எப்போது என்பதை அனந்தபத்மநாபன் முடிவு செய்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இனிமேல் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்று ஜானவி பிடிவாதம் பிடித்தாள். எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும். பெரியவர் வாயைப் பார்த்து மற்றவர்கள் பேசக் கூடாது. ஒருவர் வேண்டாம் என்றாலும் ஆபரேஷன் கிடையாது. அனந்தபத்மநாபன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

அக்சாவின் படம் திரையில் வந்த புதன்கிழமை நாலு பேர் இருந்தார்கள். இளையவன் விபின். போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த சர்ஜன். அந்தக் கூட்டத்தில் பேச்சு பெரும்பாலும் மலையாளத்தில்தான் நடக்கும்.

"வளைவு ஐம்பத்தெட்டு டிகிரி," என்றான் விபின். "இன்னும் நல்லா வளரப் போற குழந்தை. வளர வளர இது கூடும். ஆபரேஷன் செய்யணும் சார். இதுல பேச ஒண்ணுமே இல்லையே?"

விபின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"நான் மயக்கம் கொடுக்க மாட்டேன்," என்றாள் சரோஜம்.

ஜானவி திரையைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்ச நாள் காத்திருக்கலாம்," என்றாள்.

"பிரேஸ் போட்டு ஆறு மாசம் பார்ப்போம்," என்று அனந்தபத்மநாபன் முடித்தார்.

"ஐம்பத்தெட்டுக்கு பிரேஸா சார்?" விபின் சிரித்தேவிட்டான். இடுப்பிலிருந்து அக்குள்வரை கட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் கூடு சின்ன வளைவுக்குத்தான் உதவும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்கள்தான்.

"பேரைப் பார்த்தியா?" என்று சரோஜம் கேட்டாள். "இவளோட சேச்சிதான் ஜெபிஷா."

விபினின் முகம் வாடிவிட்டது. அந்தப் பெயரை அந்த மருத்துவமனையில் அறியாதவர் கிடையாது. கொஞ்சநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "மன்னிக்கணும் மேடம். ஆனா படத்தில இருக்கிற வளைவு மாறலையே?" என்றான்.

சரோஜம் மறுத்துவிட்டாள், ஒருவர் மறுத்தாலே போதும். அந்த விதியை உண்டாக்கியவள் ஜானவி. இப்போது அவளே அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

முடிவைச் சொன்னபோது பிஜிக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. "ஆறு மாசம் இல்லியா? நல்லது," என்று அக்சாவின் தலையைத் தடவினாள். அவர்கள் வெளியே போன பிறகு ஜெயன் மட்டும் திரும்பி வந்தார். கதவைப் பிடித்தபடி நின்று, "டாக்டரே, இத படத்தப் பாத்து சொல்லுதீங்களா, இல்ல பயந்துட்டு சொல்லுதீங்களா?" என்று கேட்டார்.

"நாலு பேரும் பேசி எடுத்த முடிவு," என்றாள் ஜானவி.

அவர் கதவை விட்டார். "செரி," என்று போய்விட்டார்.

அக்சா பிரேஸ் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். வெயில் காலத்தில் அதற்குள் வேர்த்து வேர்த்து இடுப்பெல்லாம் புண்ணாயிற்று. வகுப்பில் பிள்ளைகள் ஆமை என்று கூப்பிட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி எறிவாள். பிஜி எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டுவாள். தினமும் காலையில் குளிக்கப் போகும்முன் அவளைக் குனியச் சொல்லி முதுகைப் பார்ப்பாள். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று ஜெயனைக் கேட்பாள். ஜெயனுக்குக் கூடியிருப்பதாகத்தான் தெரியும். "அப்படியேதான் இருக்கு," என்பார்.

ஓணம் கழிந்து அவர்கள் வந்தபோது வளைவு எழுபதைத் தாண்டியிருந்தது. சர்ச்சுக்கு நடந்து போகிற தூரத்துக்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறாள் என்றார் ஜெயன். ஊதச் சொல்லிப் பார்த்ததில் நுரையீரலின் பலமும் குறைந்திருந்தது. ஆறு மாசத்துக்கு முன்னால் செய்திருந்தால் எளிதாக இருந்திருக்கும் ஆபரேஷன் இப்போது கடினமாகிவிட்டது. கம்பியும் இன்னும் நீளமாக, இன்னும் கீழேவரை போக வேண்டும்.

அந்தப் புதன்கிழமை விபின் வாயைத் திறக்குமுன் சரோஜம் கையை உயர்த்தினாள்.

"இன்னைக்கு நான் முதல்ல பேசறேன். போன தடவை நான் இந்தப் படத்தைப் பார்க்கலை. ஜெபிஷாவைத்தான் பார்த்தேன். நீங்க ரெண்டு பேரும் அப்படித்தான். நாம கூடி முடிவெடுத்தோம்னு அந்த அப்பாகிட்ட சொன்னோம். முடிவெடுக்கலை. கூடிப் பயந்தோம், அவ்வளவுதான்."

அனந்தபத்மநாபன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

சரோஜம் எல்லாவற்றையும் யோசித்து வந்திருந்தாள். அக்காவின் ரத்தம்தானே தங்கைக்கும். அவளுக்கும் அந்தக் குணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சோதித்துப் பார்க்கத் தசையை வெட்டி எடுக்க வேண்டும். அதற்கும் வெகுதூரம் போக வேண்டும். இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு செய்வோம். அந்த வாயு வேண்டாம், தசை தளர்த்துகிற அந்த மருந்தும் வேண்டாம். நரம்பு வழியே ஏற்றுகிற மருந்தை மட்டும் வைத்து மயக்கம் தருகிறேன். முந்தின நாளே மெஷினில் அந்த வாயு துளியும் தங்காமல் வெளியேற்றி வைக்கிறேன். முறிவு மருந்து தியேட்டரிலேயே இருக்கும். ஜெபிஷா போனதிலிருந்து அது தீராமல் பார்த்துக்கொள்கிறேன்.

"செய்யணும்," என்றான் விபின்.

"செய்யணும்," என்றாள் ஜானவியும்.

"யார் செய்யறது?" என்று அனந்தபத்மநாபன் கேட்டார்.

"நான்தான் சார். என் பேஷண்ட்."

சரோஜம் அவள் பக்கம் திரும்பினாள். "நீ வேண்டாம் ஜானவி."

"என் கை நடுங்காது சரோஜம்."

"உன் கை நடுங்காது. எனக்குத் தெரியும். அன்னைக்கு நின்ன அதே இடத்தில நீ நிக்கறதைப் பார்த்தா எனக்கு நடுங்கும்."

ஜானவி மற்ற இருவரையும் பார்த்தாள். விபின் குனிந்துகொண்டான். ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். அனந்தபத்மநாபனும் விபினும் செய்வது என்று முடிவாயிற்று. ஜானவி எழுந்து வெளியே வந்து, கைகழுவும் இடத்தில் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

அக்சாவிடம் தானே சொல்கிறேன் என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ஆபரேஷன் செய்யாட்டா நான் செத்துப் போவேனா டாக்டரே?"

"இப்போ ஒண்ணும் ஆகாது. போகப் போக மூச்சு விடக் கஷ்டமாகும்."

"செஞ்சா?"

"செஞ்சா நன்னா ஆயிடுவே. அக்காவுக்கு ஆகாத மருந்தை உனக்குக் கொடுக்கப் போறதில்லை. ஆனா ஒண்ணுமே வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அக்சா யோசித்தாள். "தெனமும் காலைல அம்மா என்னக் குனியச் சொல்லி நோக்கும். நோக்கிட்டு ஒண்ணும் சொல்லாது. அடுக்களைல போய் நிக்கும். அது ஒண்ணு நின்னாப் போதும் எனக்கு. செய்யலாம்."

ஆபரேஷன் நாளில் தியேட்டருக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் பிஜியும் ஜெயனும் உட்கார்ந்திருந்தார்கள்; நடுவே ஜானவி. சேலைதான் கட்டியிருந்தாள், கோட் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருஷ வேலையில் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததே இல்லை. உள்ளே நேரம் போகிற வேகம் அவளுக்குத் தெரியும். வெளியே அது போகவே மறுத்தது. கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேரும் எழுந்தார்கள். யாரோ ஒரு பையன் பிளாஸ்டிக் வாளியோடு வருவான். மறுபடி உட்காருவார்கள்.

"இப்போ என்ன செய்யியாங்க?" என்று பிஜி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மயக்கம் கொடுத்தாச்சு." "இப்போ குப்புறப் படுக்க வைப்பா." "இப்போ ஆரம்பிச்சிருப்பா." ஜானவி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

சரோஜம் நிறுத்தச் சொன்ன அந்தக் கட்டம் இப்போது வந்திருக்கும் என்று ஜானவிக்குத் தோன்றியது. பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து கதவையே பார்த்தாள். பிஜி அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் குளிர்ந்திருந்தன. கொஞ்ச நேரத்தில் ஜானவியின் போனில் சரோஜத்திடமிருந்து செய்தி வந்தது: 'தாண்டிவிட்டோம். எல்லாம் சரி.' அதைப் படித்துக் காட்டியபோது ஜெயன் எழுந்து போய் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு விபின் வெளியே வந்தான். முகத்தில் முகமூடி அழுந்திய தடம். "கூப்பிட்டேன், முழிச்சுப் பார்த்தா. ரெண்டு காலையும் அசைக்கச் சொன்னேன், அசைச்சா," என்றான். ஜெயன் அவனைக் கட்டிக்கொண்டு விம்மினார். பிஜி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐ.சி.யூ.வில் அக்சா தண்ணீர் கேட்டபோது பிஜிதான் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தாள். அதற்கடுத்த நாளும் நன்றாகத்தான் இருந்தாள்.

அக்சாவை முதல்முறை எழுப்பி நிறுத்தியபோதுதான் அது நடந்தது. அவள் ஒரு கையால் வாக்கரையும் மறு கையால் நர்ஸையும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். நிமிர்ந்து நின்றாள். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. வளைவுக்குள் ஒளிந்திருந்த உயரமெல்லாம் வெளியே வந்து, அம்மாவின் காதுவரை இருந்தாள். ஜெயன் போனில் யாருக்கோ, "எனக்க மக நேரா நிக்கியாடே, நேரா நிக்கியா!" என்று கத்திக்கொண்டிருந்தார். பிஜி சிரித்தபடியே மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு போயிற்று. அவள் வெளியே நடந்தாள்.

ஜானவி பின்னாலேயே போனாள். மாடிப்படி அருகே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிஜி நின்றிருந்தாள்.

"டாக்டரே, இவளுக்கு என்ன மாத்தி செஞ்சீங்க?"

டாக்டர்களின் வார்த்தைகளுக்குள் ஒளிந்துகொள்ள ஜானவியால் முடிந்திருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை.

"மயக்கத்துக்குக் கொடுக்கற மருந்தை மாத்தினோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"புதுசா கண்டுபிடிச்ச மருந்தா?"

"இல்லை. ரொம்ப நாளா இருக்கறதுதான்."

"ஜெபிஷாவுக்கு செய்யும்போ அது இங்க இருந்துதா?"

"இருந்தது."

"பின்ன ஏன் அத குடுக்கல்ல?"

"மத்தது அவளுக்கு ஆகாதுன்னு அப்போ யாருக்கும் தெரியாது பிஜி."

"எப்போ தெரிஞ்சுது?"

பிஜியே சொன்னாள்: "அவ போனப்பொறவு."

கீழே ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. பிஜி அதைப் பார்த்தபடியே பேசினாள். "அப்போ, நான் மொதல்ல அக்சாவக் கூட்டிட்டு வந்திருந்தா அக்சா போயிருப்பா. ஜெபிஷா இண்ணைக்கு உள்ள நேரா நிப்பா. இல்லியா?"

"அப்படியெல்லாம் நினைக்காதீங்கோ பிஜி."

"இல்லியா டாக்டரே?"

"அக்சாவுக்கு அது இருக்கான்னு நமக்குத் தெரியாது. இருக்குன்னு வச்சுண்டுதான் செஞ்சோம்."

"இருந்தா?"

"இருந்தா..." ஜானவி நிறுத்தினாள். "ஆமாம்."

"எங்க கொண்டு போயிருந்தாலும் அவ பிழைக்க மாட்டான்னு நெனச்சுதான் டாக்டரே நான் இத்தன நாளும் ஒறங்கினேன்," என்றாள் பிஜி. "பிழைச்சிருப்பான்னு இப்போ காட்டிட்டீங்களே. இனி நான் எப்படி ஒறங்குவேன்?"

அவள் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. "எனக்க பிள்ளேய்... எனக்க தங்கமே..." என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கதறினாள். அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜானவி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். பிஜி அந்தக் கையைத் தள்ளவில்லை. அப்படி ஒரு கை இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே அக்சா பயந்துபோய், "அம்மாக்கு என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல மக்ளே," என்றார் ஜெயன். "சந்தோஷத்துல அழுவியா."

அடுத்த புதன்கிழமை விபின் லட்டு வாங்கி வந்திருந்தான். புதுப் படத்தைத் திரையில் போட்டார்கள்; எலும்பு நேராக நின்றது. இவ்வளவு பெரிய வளைவு இத்தனை நன்றாக நிமிர்ந்ததை அனந்தபத்மநாபன் தன் அனுபவத்தில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறார். அதை வாய்விட்டும் சொன்னார். அப்போது ஜானவி பிஜி கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். விபின் கொண்டுவந்த லட்டை யாரும் தொடவில்லை. "அவ கேட்டதில என்ன தப்பு?" என்றாள் சரோஜம் கடைசியில். பிறகு அடுத்த பிள்ளையின் படத்தைப் போட்டார்கள். வித்துராவிலிருந்து வந்த ஒரு பையன். விபின் பேச ஆரம்பித்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஜெயன்தான் அக்சாவைக் கூட்டிவந்தார். பிஜி வரவில்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "சோறு வைக்கியா, துணி நனைக்கியா. எல்லாம் செய்யியா," என்பார். சர்ச்சுக்குப் போவது நின்றுவிட்டது. ஜெபிஷாவைப் பற்றி முன்பு வாய் ஓயாமல் பேசுவாளாம். இப்போது யாராவது அந்தப் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள் என்றார்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் ஜானவி சாலைக் கடைத்தெரு வழியாக ஆரியசாலைக்குப் போனாள். கடையில் ஜெயன் இல்லை. கயிற்றுக் கட்டுகளுக்கு இடையே போகிற படியில் ஏறினாள். பிஜி கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, சாயா போட்டுக் கொடுத்தாள். கூடத்துச் சுவரில் ஜெபிஷாவின் படம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டரே," என்றாள் பிஜி. "உங்களப் பாத்தா நன்றி சொல்லணும்னு தோணும். சொல்ல வாயத் தொறந்தா வேற வருது. ரெண்டையும் வச்சுகிட்டு எனக்கு முடியல்ல. நீங்க நல்லவங்க. எனக்குத் தெரியும். ஆனா இனி நீங்க வர வேண்டாம்."

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. ஜானவி சாயாவைக் குடித்து முடித்தாள். பிஜி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

படியில் பாதி இறங்கியபோது பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்சா எதிரே ஏறி வந்தாள். டாக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு மேலே கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டரே, அம்மாக்கு என்மேல தேஷ்யமா?"

"ஏன் அப்படிக் கேக்கறே?"

"எல்லாம் செய்யும். தலை வாரி விடும், சோறு ஊட்டும். ஆனா நான் நடந்து வந்தா மட்டும் வேற எங்கயோ நோக்கும். எனக்கு செரியானது அதுக்கு இஷ்டமில்லியோன்னு..."

குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜானவி இரண்டு படி கீழே இறங்கி அவள் முகத்துக்கு நேராக நின்றாள்.

"உன்மேல இல்லை அக்சா. என்மேலதான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"உன் அக்காவை என்னால காப்பாத்த முடியலை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு அது ஞாபகம் வரது. கோவம் என்மேல. உன்மேல ஒரு பொட்டு இல்லை."

அக்சா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையா என்று தேடுகிறவள்போல இருந்தது. பிறகு அவள் தோள்கள் தளர்ந்தன.

"அப்போ செரி," என்றாள். உடனே, டாக்டருக்கு அது வலித்திருக்குமோ என்று தோன்றியதுபோல, ஜானவியின் விரலைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே போனாள்.

ஜானவி அங்கேயே நின்றாள். மேலே கதவு திறந்தது. "சாயா இருக்கு, குடி மக்ளே," என்று பிஜியின் குரல் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது. அவள் இறங்கித் தெருவுக்கு வந்தபோது லாரியிலிருந்து கயிற்றுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வழி விடச் சொல்லி யாரோ கத்தினார்கள். அவள் ஒதுங்கி நின்றாள்.